சட்டைக்குக் கிடைத்த வேலை

எங்கள் பகுதியில் இதுவரை அதிகத் தடவை வேலை கிடைத்தது ஒரு சட்டைக்குத்தான்.

சாம்பல் நிறச் சட்டை. பையின் மேல் ஒரு சரக்குக் கிடங்கின் முத்திரை. பைக்குக் கீழே பேனா மை கசிந்த கறை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பழுப்பு, மற்றவை வெள்ளை. யாரோ ஒரு பெருத்த மனிதருக்காகத் தைத்தது என்று பார்த்தாலே தெரியும். ‘சிறகுகள்’ அலுவலகத்தில், ஒருங்கிணைப்பாளரின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கும். பக்கத்தில் ஒரு டப்பா நிறையத் துணி காயப்போடும் க்ளிப்புகள் இருக்கும்.

‘சிறகுகள்’ என்பது எங்களைப் போன்ற இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை தேடித் தரும் அரசுத் திட்டம். முன்பு அதற்குப் ‘படிக்கட்டு’ என்று பெயர். ஒருவரும் மேலே ஏறியதாகத் தெரியவில்லை. சரி, பறக்கவிட்டுப் பார்க்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருப்பார்கள். பலகையை மாற்றினார்கள், சுவருக்கு நீலம் அடித்தார்கள். நாற்காலிகள் அதே நாற்காலிகள். ஒருங்கிணைப்பாளரும் அதே ஆள். படிக்கட்டு சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிறகு சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

சிறகு சார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அவர் எங்களுக்குக் கை குலுக்கக் கற்றுக்கொடுத்தார். பல் தெரியாமல் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார். நேர்காணலில் ‘உங்கள் பலவீனம் என்ன’ என்று கேட்டால், ‘எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்’ என்று சொல்லச் சொன்னார். எடுக்க ஒரு வேலையும் இல்லாமல் மத்தியானம்வரை தூங்கிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் அதை ஒரே குரலில் ஒப்பித்தோம்.

கை குலுக்கும் பயிற்சியில் எனக்கு ஜோடியாக அமைந்தவன் நெட்டை. ஆள் உயரம் அப்படி, நிலைப்படியில் தலை இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழைய மாட்டான். என்னை வாயாடி என்று முதலில் கூப்பிட்டதும் அவன்தான். நாள் முழுக்க என் கையைக் குலுக்கிக் குலுக்கிச் சலித்துப்போய், “இந்தக் கையால வேற எதையாச்சும் பிடிச்சிருந்தா இந்நேரம் ஒரு தொழில் கத்திருக்கலாம்ல?” என்றான். அந்த வகுப்பில் நான் கேட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது.

பயிற்சி முடிந்ததும் எங்களை வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சரக்குக் கிடங்குக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே போகப்போகிறோம், பெட்டிகளை அடுக்கச் சொல்வார்கள், நாளையிலிருந்து வா என்பார்கள் என்று நினைத்தேன். வேன் வாசலோடு நின்றது. சிறகு சார் ஒரு பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து உதறினார். ஒவ்வொருவராக அதைப் போட்டுக்கொண்டு கிடங்கின் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்க வேண்டும். எனக்கு அது கூடாரம்போல இருந்தது. பின்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து வரிசையாக க்ளிப் போட்டார். முன்னால் கச்சிதமாக இருந்தது. நெட்டைக்குக் கை எட்டவில்லை. மணிக்கட்டை மறைக்க அவனைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். அது தன்னம்பிக்கையாகவும் தெரியுமாம்.

“எப்ப சார் சேரணும்?” என்று கேட்டேன்.

“கூப்பிடுவாங்கம்மா.”

கூப்பிடவில்லை. படம் மட்டும் அலுவலகத்தின் வெற்றிச் சுவரில் ஏறியது. அந்தச் சுவருக்கு முன்னால் ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். ஆணும் பெண்ணும் ஒல்லியும் குண்டுமாக எத்தனையோ முகங்கள். எல்லோர் பைக்குக் கீழேயும் அதே மைக்கறை. எல்லோருக்கும் இரண்டாவது பொத்தான் பழுப்பு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது.

அதோடு விட்டிருப்பேன். இந்த நாட்டில் ஏமாந்தது நான் ஒருத்தியா என்ன? ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான ஒன்று வந்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் பொதுப் பட்டறை ஒன்று ஆட்களை எடுப்பதாக அறிவிப்பு வந்தது. சேர்ந்த முதல் நாளே ஒரு குழுவோடு வேலைக்கு அனுப்புவார்கள், மாதாமாதம் சம்பளம், பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட். நாங்கள் இருப்பது உச்சி மாடியில். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாளெல்லாம் ஈரப் போர்வைகளைத் தூக்கிவிட்டு, வீங்கின முழங்காலோடு ஒவ்வொரு மாடியாக நின்று நின்று ஏறி வருவாள். லிஃப்ட் நின்றுவிட்டால் எல்லோரும் கதவை உதைப்பார்கள், பொத்தானைக் குத்துவார்கள். நான் ஒருநாள் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கதவு ஓடுகிற கீழ்ப் பள்ளத்தில் மண்ணும் முடியும் மாத்திரை அட்டையும் அடைத்துக் கிடந்தன. பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தேன். கதவு மூடிக்கொண்டது, லிஃப்ட் ஏறியது. அன்றைக்கு அம்மா வீட்டுக்குள் வந்து, “என்னடி, இன்னைக்கு மூச்சே வாங்கல?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் ஆயுள் முழுக்க லிஃப்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கத் தயார்.

பட்டறையில் தேர்வு வைத்தார்கள். மூடாத கதவு ஒன்றைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் பொத்தான் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தேன். பள்ளத்தில் ஒரு திருகாணி கிடந்தது. தேர்வாகிவிட்டேன். அங்கிருந்த பதிவாளர் அம்மா என் எண்ணைக் கணினியில் தட்டினார், முகத்தைச் சுருக்கினார்.

“நீ ஏற்கெனவே வேலையில இருக்கியேம்மா.”

“நானா?”

“பச்சையா காட்டுது. சரக்குக் கிடங்கு. இது வேலை இல்லாதவங்களுக்கான இடம். உன் பேரு சிவப்பா மாறணும். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள மாறலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்.”

எனக்கே தெரியாமல் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையால் எனக்கு வேலை கிடைக்கவில்லை.

ஓடினேன் சிறகு சாரிடம். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பொறுமையாகக் கேட்டார். நனைந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தபோதுதான் அவர் முகத்தில் முதல் முறையாக வருத்தம் தெரிந்தது.

“அப்படியெல்லாம் அழிக்க முடியாதும்மா. உன்னை அழிச்சா சுவர்ல இருக்கற எல்லாரையும் அழிக்கணும். திட்டத்தோட மானம் என்ன ஆகறது?”

“என் மானம் சார்?”

“வேலையை விட்டு எடுத்துட்டோம்னு கம்பெனி சொல்லட்டும். அப்ப நானே மாத்தி விடறேன்.”

கிடங்குக்குப் போனேன். வாசலில் காவலாளி. தொப்பியைத் தொடையில் வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என்னை வேலையை விட்டு எடுக்கணும்.”

“எந்தப் பிரிவும்மா நீ?”

“எந்தப் பிரிவும் இல்ல. என்னை நீங்க வேலைக்கே எடுக்கல.”

“அப்புறம் எப்படிம்மா உன்னைத் துரத்தறது? துரத்தறதுக்காச்சும் நீ உள்ள வந்திருக்கணும்ல?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விவரம் சொன்னதும் சிரிப்பு நின்றது. “அந்த மைக்கறை சட்டையா? அது எங்க பழைய டிரைவரோடது. உங்க சார் ஒருநாள் படம் எடுக்கணும்னு இரவல் வாங்கிட்டுப் போனாரு, திரும்பி வரவே இல்ல. இத பாரும்மா, வேலையை விட்டு எடுக்கறதுதான் கம்பெனி கையில. விட்டுட்டுப் போறது உன் கையில. அதுக்கு எவனைக் கேக்கணும்?”

எவனையும் கேட்க வேண்டாம்தான். திரும்பி வந்து சிறகு சாரிடம், “நான் வேலையை விட்டுட்டேன் சார்” என்றேன்.

“எந்த வேலையை?”

“நீங்க கொடுத்த வேலையை.”

“இதெல்லாம் நான் காதுல வாங்கிக்கலம்மா” என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “வியாழக்கிழமை மேம்பாட்டுக் கூட்டம். இயக்குநர் மேடமே வர்றாங்க. வேலை கிடைச்ச ஒரு பிள்ளை மேடையேறிப் பேசணும். நீ நல்லா பேசுவ. உனக்கு வாயாடின்னு சும்மாவா பேரு வெச்சிருக்காங்க? அதை மட்டும் முடிச்சுக் கொடு. உன் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்புறம் என்பது எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. இவர் காதில் வாங்க மாட்டார் என்றால், வாங்கிக்கொள்ளும் காதுகள் இருக்கும் இடத்தில் சொல்ல வேண்டியதுதான். “பேசறேன் சார்” என்றேன்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது அவள் காலை நீட்டி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“பொய்யா இருந்தாலும் உனக்கு வேலைன்னு ஒரு இடத்துல எழுதியிருக்குடி. சலவைல கூட இருக்கறவங்க கேட்டா நிமிர்ந்து பதில் சொல்றேன். அதையும் போய் நீயே அழிக்கப் போறியா? அந்தப் பட்டறையும் கைய விரிச்சுட்டா?”

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. இவ்வளவு உழைத்தவளுக்கு ஒரு புகைப்படத்தை வேலை என்று நம்பக் கொடுத்துவிட்டு, அதையும் பிடுங்கப்போகிறோமே என்று இருந்தது. “வேலைக்குப் போறதுக்குத்தான அழிக்கறேன்” என்று சொல்லிப் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அலுவலகக் கூடத்தில் முன்வரிசை முழுக்க அதிகாரிகள். பின்னால் நாங்கள். திட்டத்தை எப்படி மேம்படுத்துவது என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். சின்னத்தில் இருக்கும் பறவை இடதுபக்கம் பார்க்கிறது, வலதுபக்கம் பார்த்தால்தான் முன்னேற்றம் என்றார் ஒருவர். பறவை எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்கு அது முன்பக்கம்தானே என்றார் இன்னொருவர். இதற்கே தேநீர் வந்துவிட்டது. பிறகு பெயரை ‘சிறகுகள் பிளஸ்’ என்று மாற்றலாம் என்று ஒருமனதாக முடிவானது. கைதட்டினார்கள். வெற்றிச் சுவரில் இருக்கும் படங்களில் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று இயக்குநர் மேடம் சொன்னார். சிறகு சார் குறித்துக்கொண்டார். வேலை என்கிற வார்த்தை அதுவரை யார் வாயிலும் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நெட்டை கொட்டாவி விட்டான், அவன் கொட்டாவிகூட நீளம்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். அறைக் கதவுக்குப் பின்னால் சிறகு சார் எனக்கு அந்தச் சட்டையை மாட்டி, முதுகில் க்ளிப்புகளை இறுக்கினார். “திரும்பிடாத. நேரா ஏறி, நேரா நில்லு” என்று காதில் சொன்னார்.

நேராக ஏறி நேராக நின்றேன்.

“வணக்கம். என்னைக் கிடங்குல வேலைக்குச் சேத்துவிட்டது ‘சிறகுகள்’ திட்டம்” என்றேன். மேடம் தலையாட்டினார். “வேலைன்னா இப்படி ஒரு வேலைய நான் பார்த்ததே இல்ல. மேலதிகாரி திட்ட மாட்டார். கால் வலிக்காது. லீவு கேக்கவே தேவையில்ல.” முன்வரிசையில் சிரித்தார்கள். சிறகு சாரும் சிரித்தார், பாவம். “இவ்வளவு நல்ல வேலைய எனக்குக் கொடுத்த எல்லாருக்கும் முன்னாடி, இந்த நிமிஷத்துலேருந்து நான் அதை ராஜினாமா பண்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க. சாரும் கேட்டுக்கங்க.”

“ஏம்மா?” என்று மேடம் நிஜமான கவலையோடு கேட்டார். “நல்ல வேலைய ஏன் விடற?”

நான் சிறகு சாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போய் நின்றார். அப்படி ஒரு வேலையே கிடையாது என்று அவர் சொன்னால் அவர் கதை முடிந்தது. இருக்கிறது என்றால் என்னை விட்டாக வேண்டும்.

“சொந்தக் காரணங்களுக்காக மேடம்” என்று அவரே எனக்காகப் பதில் சொன்னார்.

“அப்ப இன்னைக்கே பதிவு பண்ணிடுங்க. நம்ம கிட்ட எல்லாம் வெளிப்படையா இருக்கணும்.”

“சரிங்க மேடம்.”

நான் கும்பிட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கத் திரும்பினேன். நன்றாக, முழுசாகத் திரும்பினேன். கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக க்ளிப் வரிசை. பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் ஓவென்று சிரித்தார்கள். நான் தலையை மட்டும் திருப்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் க்ளிப்புகளைப் பார்த்தார். ஒன்றுவிடாமல் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், கண் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

நெட்டை எழுந்து நின்றான். “மேடம், நானும் விடலாமா?”

மேடம் டம்ளரை வைத்தார். இப்போது அவர் முகம் தெளிந்துவிட்டது. நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட்ட முகம். “பாத்தீங்களா?” என்று அதிகாரிகள் பக்கம் திரும்பினார். “இதுதான் நம்ம உண்மையான பிரச்சனை. கிடைச்ச வேலைல இந்தப் பிள்ளைங்க நிலைச்சு நிக்கறதில்ல. இனிமே யாரும் இப்படிச் சட்டுன்னு விட முடியாத மாதிரி பண்ணணும். வேலையில நிலைச்சு நிக்கறது எப்படின்னு ஒரு பயிற்சி. அதை முடிச்ச பிறகுதான் ராஜினாமாவையே ஏத்துக்கணும்.”

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அன்றைய கூட்டத்தில் எடுத்த ஒரே உருப்படியான முடிவு என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். நான் சட்டையைக் கழற்றி சிறகு சாரின் கையில் கொடுத்தேன். “நல்ல வேலைய விட்டுட்டியேம்மா” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போனபோது என் பெயர் சிவப்பாக இருந்தது. வாழ்க்கையில் சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. பதிவாளர் அம்மா என்னைச் சாமான் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

“சட்டை அளவு என்ன?”

என் அளவு எனக்கே தெரியாது என்றேன். அவர் அளவு நாடாவை எடுத்து என் தோளிலிருந்து தோளுக்கு வைத்துப் பார்த்தார், கை நீளம் பார்த்தார், அலமாரியிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையை எடுத்துப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தேன். துணி மட்டும்தான் இருந்தது.

“என்னம்மா, அரிக்குதா?”

“இல்லண்ணே. சரியா இருக்கு.”

இப்போது எனக்கு லிஃப்ட் குழியில் இறங்கத் தெரியும். சட்டையில் கிரீஸ் கறை, எல்லாம் நானே சம்பாதித்தது. எங்கள் குடியிருப்பு லிஃப்ட் இன்னும் அவ்வப்போது நிற்கிறது, ஆனால் அதிக நேரம் நிற்க நான் விடுவதில்லை. அம்மா சலவைப் பிரிவில் என்னைப் பற்றிச் சொல்லும்போது இப்போது குரல் கொஞ்சம் ஓங்கியே இருக்கிறதாம்.

பட்டறை அடுத்த முறை ஆள் எடுத்தபோது நெட்டையை வரச் சொன்னேன். வந்தான். பச்சை. ராஜினாமா செய்யப் போனான். நிலைத்து நிற்கும் பயிற்சியை முடித்துவிட்டு வா என்றார்களாம். “என்னடா சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டேன். “முதல் பாடம் கை குலுக்கறது” என்றான். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். நான் நுழைந்த வழியை எனக்குப் பின்னால் அடைத்துவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் எடுப்பின் கடைசி நாள், மதியம்வரை பட்டறை வாசலில் நின்றுவிட்டு அவன் போனதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

போன வாரம் வேலை முடிந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பேருந்து வந்தது. அதன் பக்கவாட்டில், ஜன்னல்களுக்குக் கீழே நீளமாக ஒரு விளம்பரம். ‘சிறகுகள் பிளஸ்’. பறவை வலதுபக்கம் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் நெட்டை, கையைக் கட்டிக்கொண்டு, மேடம் கேட்ட அளவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றான். நான் படியில் ஏறாமல் அந்தச் சட்டையையே பார்த்தேன். மைக்கறை அப்படியே இருந்தது. இரண்டாவது பொத்தானை மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்போது எல்லாம் வெள்ளை.